அக்காவுக்கு நான் விற்ற கார்டு

மார்ச் 3, செவ்வாய்

போன மாதம் நாற்பத்தொரு கிரெடிட் கார்டு விற்றேன். பலகையில் என் பெயருக்கு நேராக ஒட்டியிருந்த நட்சத்திரத்தை டீம் லீடர் இன்று நகத்தால் சுரண்டி எடுத்தார். புது மாதம் வந்தால் எல்லாருக்கும் பூஜ்யம். எட்டு வருடமாக, மாதத்துக்கு ஒரு தடவை நான் ஒன்றுமே விற்காதவனாகிவிடுகிறேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. மணிக்கு ஒரு தரம் போன் அடிப்பார். "எத்தனை?" என்பார். வேறு பேச்சு கிடையாது.

வணிக வளாகத்தில் நகரும் படி முடிகிற இடத்தில் என் மேஜை. மேலே வருகிறவர்கள் என்னைத் தாண்டாமல் போக முடியாது. நாற்காலி தரமாட்டார்கள், உட்கார்ந்தால் கார்டு விற்காது என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு. இன்று ஒருவன் வந்தான், வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றேன். "ஒண்ணுதானே சார் குறையுது, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றான், பெண் கேட்டு வந்தவன் மாதிரி பவ்யமாக. நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கணக்கில் முதல் ஆள் அவன்.

எதிர் மேஜைக்காரி வேறு வங்கிக்கு விற்கிறாள். அவளிடம் ஒரு அம்மா விமான நிலையத்தில் ஓய்வறை கிடைக்கிற கார்டுதான் வேண்டும் என்று நின்றார். இவள் கேட்கிறாள்: "வருஷத்துக்கு எத்தனை தடவை ஃப்ளைட்ல போவீங்க?" அந்த அம்மா, "இதுவரைக்கும் போனதில்லை." "அப்ப கட்டணம் இல்லாத கார்டே உங்களுக்குப் போதும்மா." விற்பவருக்கு இரட்டைப் புள்ளி தருகிற கார்டு, தானாகக் கையில் வந்து விழுந்ததைத் தட்டிவிட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்லியே சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

பதினொன்று. கால் வலி. மணிக்கூண்டுக்குப் பதினொன்று போதாதாம்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அவள் மகள் பாப்பாவுக்கு இயன்முறை மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பதினெட்டு வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ஏப்ரல் முப்பதுக்குள் முதல் வருடக் கட்டணம் கட்டவேண்டும். கல்விக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருந்தார்கள். அக்கா கூட்டாகக் கையெழுத்துப் போடவேண்டும். "நீ ஒரு தடவை பாத்துடுடா. இதெல்லாம் உனக்குத்தானே தெரியும்" என்றாள்.

"வேற கடன் ஏதாவது இருக்கா" என்ற இடத்தில், அவள் நோட்டை எடுத்து வந்தாள். கோடு போட்ட பள்ளி நோட்டு. முதல் வரியில்: பிரிட்ஜ் மீதி 36,000, வேன் என்ஜின் 72,000, ஆக 1,08,000. அதற்குக் கீழே பதினாலு மாதம். ஒவ்வொரு மாதமும் கட்டின தொகை, கழித்து மீதி, கழித்து மீதி. கடைசி வரியில் பாக்கி 40,600 என்று எழுதி அடியில் இரண்டு கோடு. "இன்னும் எட்டு ஒம்போது மாசம்தான். ஒரு மாசம் கூட விடல தெரியுமா?" என்றாள். முகமெல்லாம் பெருமை.

அவள் வேலை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில். படுக்கை விரிப்புகளை மடித்து, எண்ணி, வார்டு வாரியாகக் கட்டி அனுப்பவேண்டும். பத்தொன்பது வருடத்தில் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பியதில்லை. நோட்டையும் அப்படித்தான் வைத்திருந்தாள், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

வங்கி அனுப்பிய கணக்குத் தாள்களைக் கேட்டேன். ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம். போன மாதத் தாளை எடுத்துப் பார்த்தேன். மொத்தப் பாக்கி 87,900.

கட்டியது அறுபத்தேழாயிரத்து நானூறு. குறைந்தது இருபதாயிரம். மற்றதெல்லாம் வட்டியும் வருடக் கட்டணமும்.

அந்த முதல் வட்டத்தைப் போட்டவன் நான். "மேல பெரிசா ஒரு எண்ணு போட்டிருப்பான், அதைப் பாத்துப் பயப்படாதேக்கா. அது ஒரேயடியாக் கட்டுறவங்களுக்கு. நீ இந்தக் கட்டத்துல இருக்கறதை மாசாமாசம் கட்டினாப் போதும்." ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வசனம். அவள் அதைத் தவணை என்று எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்துக்கொள்ளமாட்டாள்? நான் சொன்ன விதம் அப்படி.

"நோட்டு சரியா இருக்காடா?"

"சரியா இருக்குக்கா."

இதைத்தான் சொன்னேன். எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. விண்ணப்பத்தில் கார்டு பாக்கி என்ற கட்டத்தை 'வங்கியே பார்த்துக்கொள்ளும்' என்று காலியாக விடச் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

ஏன் சொல்லவில்லை? பாப்பா இருந்தாள், அத்தான் இருந்தார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அவர்கள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

இங்கேயாவது முழுசாக எழுதுகிறேன். ஒன்றரை வருடம் முன்பு, மாதக் கடைசி நாள், ஊக்கத்தொகைக்கு எனக்கு ஒரே ஒரு கார்டு குறைந்தது. அன்றைக்குத்தான் அக்கா பிரிட்ஜ் வாங்கக் கார்டு கேட்டாள். அவள் சம்பளம் பதினெட்டாயிரம். அதற்குச் சாதாரணக் கார்டு தாராளமாகக் கிடைக்கும். வருடக் கட்டணம் இல்லை, லிமிட் நாற்பதாயிரம். பிரிட்ஜ் விலை முப்பத்தெட்டு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவளுக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் அதற்கு ஒரு புள்ளிதான். பொன் நிறக் கார்டுக்கு இரண்டு.

பொன் நிறக் கார்டுக்கு மாத வருமானம் முப்பத்தைந்தாயிரம் வேண்டும். அத்தானின் சரக்கு வேன் அக்கா பெயரில் பதிவாகியிருந்தது. அதைக் காட்டி, 'சொந்தத் தொழில், மாதம் இருபதாயிரம்' என்று அவள் விண்ணப்பத்தில் சேர்த்தேன். வேன் என்றைக்கு அவ்வளவு சம்பாதித்தது! டீசலுக்குப் போக மிஞ்சினாலே அத்தான் விசிலடிப்பார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். படிக்காமல் போட்டாள். சரிபார்க்க போன் வரும், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல் என்றேன். சொன்னாள்.

லிமிட் அறுபதாயிரம் வந்தது. நாலு மாதத்தில் வங்கியே அதை ஒரு லட்சத்து இருபதாயிரமாக ஏற்றியது. "நான் கேக்கவே இல்லையேடா, இது நல்லதா கெட்டதா?" என்று போன் செய்தாள். எனக்கு எதிரில் ஆள் நின்றுகொண்டிருந்தார். "நல்லதுதான்கா, உன்மேல நம்பிக்கை வச்சிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறு வாரம் வேன் என்ஜின் போயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா இரண்டு தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நாற்பத்து மூன்று. நட்சத்திரம். மணிக்கூண்டு முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவன், தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

வெள்ளிக்கிழமை கடன் பிரிவில் நேரில் வரச்சொல்லியிருக்கிறார்களாம். அதே வங்கி, வேறு கட்டடம். "கூட வர்றியாடா?" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். மாதத் தொடக்கத்தில் எனக்கு என்ன வேலை? ஆள் சிக்கவே மாட்டான்.

ஏப்ரல் 10, வெள்ளி

மத்தியானம் அத்தான் மேஜைக்கு வந்து நின்றார். வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு. இதுவரை அவர் வளாகத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னது: அதிகாரி இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். ஒன்று கல்விக் கடன் விண்ணப்பம், வருமானம் பதினெட்டாயிரம். இன்னொன்று கார்டு விண்ணப்பம், முப்பத்தெட்டாயிரம். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானே? இதுல எது பொய்மா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் ஆட்கள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தாளாம். அப்புறம், "கார்டுல நான்தான் தப்பா எழுதிட்டேன் சார்" என்று சொன்னாளாம். கையெழுத்து அவளுடையது, விண்ணப்பத்தை நிரப்பியிருப்பது என் எழுத்து. அவளுக்கு என் எழுத்து தெரியாதா! கையைப் பிடித்து எனக்கு அ, ஆ எழுத வைத்தவளே அவள்தான்.

தவறான தகவல், அதோடு கார்டு லிமிட்டில் முக்கால் பங்கு பாக்கி. விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"அவ எதுக்கு மாப்ளே பொய் எழுதப்போறா? பஸ்ல சில்லறை அதிகமாக் குடுத்துட்டாலே இறங்கி ஓடிப்போய்த் திருப்பிக் குடுக்கறவ. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"விசாரிக்கறேன் அத்தான்" என்றேன்.

விசாரிக்கிறானாம். அவர் என் கையைப் பிடித்து, "உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர் மேஜைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர்கள் வங்கி நாற்காலி கொடுக்கும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன். அத்தான் வேலையாக வெளியே. அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலும் அதுதான், வீட்டிலும் அதுதான்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"அக்கா, அது நான்தான்..."

"தெரியும்டா."

"ஏன் நீ எழுதினதாச் சொன்னே?"

"உன் வேலை போயிடும்ல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும்ல, குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி. அப்புறம் அந்தக் கணக்குத் தாளை எடுத்தாள். "எண்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டிருக்கே. இதுதான் நிஜமா?"

"ஆமாம்க்கா."

"நோட்டு சரியா இருக்குன்னு சொன்னியே."

அவள் நோட்டை எடுத்தாள். கடைசி வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் 87,900 என்று எழுதினாள். மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். நான் அந்த நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினாலு மாதத்துக்கு அவள் எதையெல்லாம் வாங்காமல் விட்டாள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை மாற்றவில்லை. செருப்புக்கு இரண்டு தரம் தையல் போட்டிருக்கிறாள். எல்லாம் வட்டிக்குப் போயிருக்கிறது. என் இரண்டு புள்ளிக்குப் போயிருக்கிறது.

வாசலில் பாப்பா பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க பேசினா லோன் கிடைச்சிடும்ல?"

கிடைக்கும் என்றேன். பண்ண வேண்டியது ஒன்றுதான். கடன் பிரிவுக்குப் போய், அந்த வருமானத்தை எழுதியது நான், அக்கா இல்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நாளைக்கே.

ஏப்ரல் 13, திங்கள்

போகவில்லை. மணிக்கூண்டு ஆய்வுக் கூட்டம் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 15, புதன்

கடன் பிரிவு வாசல் வரை போனேன். டோக்கன்கூட எடுத்தேன். நாற்பத்தேழாம் நம்பர். நாற்பத்தைந்தில் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

வேலை போனால் என்ன செய்வேன்? எட்டு வருடத்தில் கற்றது, போகிறவர்களை நிறுத்திப் பேசுவது மட்டும். முப்பத்தைந்து வயதில் யார் எடுப்பார்கள்? வேலை இருந்தால்தானே அக்காவுக்கு உதவ முடியும், கொஞ்சம் பொறுத்தால் வேறு வழி கிடைக்காதா என்றெல்லாம் யோசித்தேன். என் வாய்ச்சவடாலுக்கு நானே வாடிக்கையாளர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம். 'விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் வருமானத்தைக் கூட்டி எழுதியது நான்.' கையெழுத்து, ஊழியர் எண்.

அதிகாரி இரண்டு தரம் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "அந்த அம்மாவை அன்னிக்கு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேனே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் நாள்காட்டியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கப் பதினைந்து வேலை நாள். "நீங்க அடுத்த நாளே வந்திருந்தா, எப்படியாவது முப்பதுக்குள்ள முடிச்சுக் குடுத்திருப்பேன். பத்து நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? பதினாலு கார்டு விற்றேன்.

ஏப்ரல் 30, வியாழன்

மாலை ஐந்து மணி. கல்லூரியில் அவகாசம் கேட்டு அத்தான் காலையிலிருந்து நின்றார். பாப்பாவின் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மே 1, வெள்ளி

பாப்பா அழவில்லையாம். அக்கா போனில் சொன்னாள். "அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னு சொல்றா." பத்து நாளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அந்த அதிகாரி கடிதத்தின் நகலை அவளுக்கும் அனுப்பியிருக்கிறார், தேதியோடு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை.

மே 6, புதன்

விசாரணை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்காவைப் பாதிக்காத மாதிரி முடித்ததற்கு அவர்களுக்கு நன்றி சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. எட்டு வருட நட்சத்திரங்களுக்காக மணிக்கூண்டு எனக்காகப் பேசினாராம். பாவம், அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவு கேலி எழுதியிருக்கிறேன். இனி விற்பனை கிடையாது. பின்னறையில் பழைய விண்ணப்பங்களை ஸ்கேன் செய்யவேண்டும், முக்கால் சம்பளம். நாற்காலி உண்டு.

மே 18, திங்கள்

சேமிப்பு முழுவதையும் எடுத்து அக்கா கார்டை அடைத்தேன். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டியவன், இந்த எட்டு வருடத்தில் நான் பார்த்தவர்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவளிடம் ரசீதைக் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். முன்பெல்லாம் நான் கொடுக்கும் தாளை மடித்து உள்ளே வைப்பாள். இன்று மேலிருந்து கீழ்வரை, விரலை வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள். "பாக்கி பூஜ்யம்னு போட்டிருக்கு. ஆனா கார்டை மூடியாச்சுன்னு போடலையே?" என்றாள். உண்மைதான். மூடுவதற்குத் தனிக் கடிதம் வரும், ஒரு வாரமாகும் என்றேன்.

"வரட்டும். வந்ததும் பாத்துக்கறேன்."

பணத்தை மாதாமாதம் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம்க்கா என்று கெஞ்சினேன். என் பணம் என்று ஏதாவது இருக்கிறதா அதில்? அவள் கேட்கவில்லை. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தலையைத் தடவினாள். அது நிஜம், பழைய மாதிரியேதான் தடவினாள்.

ஜூன் 14, ஞாயிறு

பாப்பா நாளையிலிருந்து வேலைக்குப் போகிறாள். அம்மாவோடு, அதே சலவைப் பிரிவில், ஒரு வருடத்துக்கு. தலைக்குத் துணித் தொப்பி போட்டுக்கொண்டு காட்டினாள். "எப்படி இருக்கேன் மாமா?" என்றாள். நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டு, போன் வந்த மாதிரி வெளியே போய் நின்றேன்.

ஜூலை 9, வியாழன்

இன்று ஸ்கேன் செய்தது முன்னூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். அதில் ஒன்பதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. எல்லாமே நான் வைத்தவை அல்ல.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மதியம் அக்கா கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம். கல்விக் கடனுக்கு மறுபடி எழுதிப் போட்டதில், அடுத்த வருடத்துக்குக் கிடைக்கும் என்று அந்த அதிகாரி நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறாராம். இந்தத் தடவை விண்ணப்பத்தை பாப்பாவும் அவளும் தாங்களே உட்கார்ந்து பூர்த்தி செய்தார்களாம். வேனுக்குப் புது வாடிக்கை வந்திருக்கிறதாம். அத்தான் விசிலடிக்கிறாராம். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

"இன்னொரு விஷயம்டா. பாப்பாவுக்கு முதல் சம்பளம் வந்துடுச்சு. வந்த மறுநாள்லேர்ந்து கார்டு தர்றோம், கார்டு தர்றோம்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வாங்கறதா வேண்டாமா, வாங்கினா எந்த மாதிரி வாங்கணும், லிமிட் எவ்வளவு வச்சுக்கணும், ஒண்ணும் புரியல."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்லவேண்டியதெல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றது. மூன்று மாதச் சம்பளம் வரட்டும், அவசரமே இல்லை. வருடக் கட்டணம் இல்லாததைக் கேள். லிமிட் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம், அவர்களாகவே ஏற்றினால் எழுதிக் கொடுத்துக் குறைக்கச் சொல். மேலே பெரிதாகப் போட்டிருக்கிற எண்தான் உன் எண், அதைத்தான் கட்டவேண்டும். இவ்வளவு நேர்மையாக நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தேன்.

"அதான், இதெல்லாம் தெரிஞ்சவங்க யாராவது உனக்குப் பழக்கம் இருக்காங்களா? நம்பிக் கேக்கற மாதிரி?"

குத்திக் காட்டவில்லை. நல்ல பல் டாக்டர் யாராவது தெரியுமா என்று விசாரிக்கிற குரல். அவளுக்கே தெரியாது, என்ன கேட்டாள் என்று.

"இருக்காங்கக்கா" என்றேன்.

எதிர் மேஜைக்காரியின் நம்பரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். உடம்பைப் பாத்துக்கோ என்றாள். வைத்துவிட்டாள்.

உடனே எதிர் மேஜைக்காரியைக் கூப்பிட்டு, "என் அக்கா பேசுவாங்க. அவங்க கேக்காததையும் சேத்துச் சொல்லிடுங்க" என்றேன்.

"நீங்களே சொல்லலாமே? எட்டு வருஷம் இதுலதானே இருந்தீங்க."

சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.